அன்னாவா, ரூஃபஸா?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் ஏப்ரல் வாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட்டால் இரண்டு வகை ஹம்மிங்பேர்ட் (பூந்தேன் உறிஞ்சும் குட்டிப் பறவை) வந்து சண்டை போடும். ஒன்று அன்னா, இன்னொன்று ரூஃபஸ். ஆண்களைப் பிரித்தறிவது சுலபம். ரூஃபஸ் கிட்டத்தட்ட உடம்பெல்லாம் செம்பு நிறம், தொண்டை தணல். அன்னாவுக்கு முதுகு பச்சை, வயிறு சாம்பல், தலையும் தொண்டையும் சேர்த்து பளீரென்ற ரோஜா நிறம். ஆனால் அந்த ரோஜா சாயமில்லை, இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி செய்கிற வேலை, அதனால் கோணம் தப்பினால் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். பெண்கள்தான் பாடாய்ப்படுத்தும், விலாவிலும் வாலடியிலும் செம்பழுப்பு தெரிந்தால் அன்னா இல்லை. (கலிபோர்னியாவில் ஆலன்ஸ் என்று மூன்றாவது ஒன்று ரூஃபஸ் போலவே இருந்து குழப்பும், அந்தத் தலைவலி இன்றைக்கு வேண்டாம்.)

நிறத்தை விடுங்கள். ஒன்று ஊர் ஊராகப் போகிறது, இன்னொன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது, இவற்றின் குணமெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்து வருகிறது என்பது என் கட்சி.

ரூஃபஸின் எடை மூன்று, நான்கு கிராம்தான். குளிர்காலத்தில் மெக்சிகோ, வசந்தத்தில் கரையோரமாக வடக்கே ஏறி, சில பறவைகள் அலாஸ்கா வரை, ஒருவழிப் பயணமே 6,000 கிலோமீட்டர் தாண்டலாம். திரும்பும்போது பல பறவைகள் வேறு வழி, ஜூலை, ஆகஸ்டில் ராக்கி மலைப் புல்வெளிகள் பூத்துக் கிடக்கும்போது அந்தப் பக்கமாக இறங்கும். நடுவழியில் ஒரு பூக்காட்டில் தங்கி, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பியாக வேண்டும். அதுவரை அந்தப் பூக்கள் அதன் சொத்து, தன்னைவிடப் பெரிய அன்னாவையும் விரட்டும். எந்தப் பூவை ஏற்கெனவே உறிஞ்சியாயிற்று என்றுகூட நினைவு வைத்துக்கொள்ளும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ரவுடி என்று திட்டலாம், ஆனால் காரணமுள்ள ரவுடி.

எல்லோரும் இந்தப் பயணத்தைத்தான் வாயைப் பிளந்து பேசுவார்கள். எனக்கு அன்னாதான் பெரிய ஆச்சரியம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவின் வடக்கிலும் மட்டும் கூடு கட்டிய பறவை இது. மனிதர்கள் யூகலிப்டஸும் தோட்டப் பூச்செடிகளும் நட்டார்கள், சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள், இது அப்படியே வடக்கே நகர்ந்து கனடாவில் பனிக்காலத்தையும் கழிக்கக் கற்றுக்கொண்டது. 2017இல் வான்கூவர் நகரப் பறவையாகவே தேர்வானது! உறையும் இரவுகளில் விளக்கை அணைப்பதுபோல உடம்பையே அணைத்துவைத்துவிடும். சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அருகே இருக்கும் உடல் வெப்பம் 9 வரைகூட இறங்கும். இந்த வித்தை ரூஃபஸுக்கும் தெரியும், ஆனால் குளிருக்குள்ளேயே குடியிருப்பது அன்னாதான்.

அப்புறம் அந்தக் குதிப்பு. பெண்ணைக் கவர ஆண் அன்னா 40 மீட்டர் உயரம் வரை ஏறித் தலைகீழாகப் பாயும், அடியில் திரும்புகிற கணத்தில் ‘கீச்’ என்று ஒரு வெடிப்புச் சத்தம். அலகிலிருந்து இல்லை, வால் இறகு காற்றில் அதிர்வதால் வருவது.

தண்ணீர் வைப்பதாக இருந்தால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், சிவப்புச் சாயம் வேண்டாம். குளிர்காலத்திலும் எடுத்துவிடாதீர்கள், அதனால் ரூஃபஸ் பயணத்தை மறந்து தங்கிவிடாது. இரண்டு குடுவை மாட்டுவதென்றால் ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வீட்டின் இரண்டு பக்கமும் மாட்டுங்கள், இல்லையென்றால் ஒரே ரூஃபஸ் இரண்டையும் காவல் காக்கும்.