பொதுக் கணினியில் பிள்ளைகளின் கணக்கு

எங்கள் வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் விண்டோஸ் கணினியில், பதின்வயதுப் பிள்ளைகள் இருவருக்கும் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்குகளையே உருவாக்கித் தந்திருக்கிறேன். கணினி முழுமைக்குமான மென்பொருள் எதையாவது அவர்கள் நிறுவ முயன்றால், திரை மங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி எழும். 2007இல் விண்டோஸின் விஸ்டா பதிப்புடன் பரவலாக வந்த இந்த ஏற்பாடு கணினியைக் காக்குமே தவிர, பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்காது. பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சில உலாவிகளும், பென் டிரைவிலிருந்தே இயங்கும் பல நிரல்களும் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. (இதை மூத்தவன்தான் எனக்குச் செய்துகாட்டினான், உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.) நேரக் கட்டுப்பாட்டுக்கு மைக்ரோசாஃப்டின் குடும்பப் பாதுகாப்பு வசதியைத் தனியே அமைக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் அதை அமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால், எவற்றை எதற்காகத் தடுத்திருக்கிறேன் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.