தலையணையில் ஒரு மலையணில்

திருநெல்வேலிப் பக்கத்தில் களக்காடு தலையணை என்றாலே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகும் இடம் என்றுதான் பொருள். மலையிலிருந்து இறங்கும் பச்சையாற்றின் குறுக்கே, அடிவாரக் காட்டில் கட்டப்பட்ட சிறிய தடுப்பணை அது. தூக்கத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஆற்றின் தலைப்பில் உள்ள அணை, அவ்வளவுதான். தை மாதத்தில் ஒரு வேலை நாளாகப் பார்த்து, குளிப்பதற்காக அல்லாமல் நடப்பதற்காகவே, முட்டுவலியோடு இருக்கும் அப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே போனேன்.

களக்காட்டைத் தாண்டி ஏத்தன் வாழைத் தோட்டங்கள் முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. 1976-இல் சிங்கவால் குரங்குகளுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, பின்னர் முண்டந்துறையோடு இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று. அடிவாரத்தில் நடப்பவர் கண்ணில் புலியோ சிங்கவால் குரங்கோ படும் என்று எதிர்பார்ப்பது பேராசை. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, நெகிழிப் பைகளைக் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தோம்.

ஏற்றம் அதிகமில்லாத பாதை. ஒரு பக்கம் ஆற்றின் சத்தம் கூடவே வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் தண்ணீர் தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஈர மணலில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றைப் படம் எடுக்கப் போன நான், ரப்பர் செருப்போடு பாசி படிந்த பாறையில் கால் வைத்து முழங்கால்வரை நனைந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா வலி தாளாமல் ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்ததுதான் அன்றைய நல்வாய்ப்பு. கால் மணி நேரம் கழிந்திருக்கும். "ஏலே, அசையாம மேல பாரு" என்றார். கிளை பிரியும் இடத்தில் இலைகளும் சுள்ளிகளும் சேர்த்துக் கட்டிய பெரிய கூடு. அதற்குச் சற்றுத் தள்ளி, செம்பழுப்பும் கறுப்புமாக ஒரு மலையணில், பின்னங்கால்களால் கிளையைப் பற்றியபடி, முன்னங்கால்களில் ஏதோ ஒரு காயைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. உடலைவிட நீண்ட வால் எடைக்கு எடையாகக் கீழே தொங்கியது. வீட்டு முற்றத்து அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அதன் பருமன் நம்ப முடியாததாகத்தான் இருக்கும். தரைக்கு அரிதாகவே இறங்கும் விலங்கு என்பதால், மரத்துக்கு மரம் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் காடுதான் அதற்குப் பாதை.

வழியில் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் எங்களைப் பார்த்து நின்றார். "அண்ணாச்சி, இதுக்கு இன்னும் ரெண்டு கூடு அந்தப் பக்கம் இருக்கு. ஒண்ணுல மட்டும் தங்காது" என்றார். அவர் கை நீட்டிய திசையை நான் பார்ப்பதற்குள், அது கிளை குலுங்கத் தாவி ஆற்றுக்கு அக்கரையில் மறைந்தது.

தடுப்பணைவரை நாங்கள் போகவேயில்லை. இரண்டு மணி நேரத்தில் நடந்த தொலைவு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. திரும்பும்போது வேன்களில் வந்தவர்கள் துண்டோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டே நொண்டி நடந்தார்.