"நடவு முடிஞ்சதும் வர்றேன் டாக்டரம்மா"

ஜூன் 13, 2025

நேற்று மேட்டூர் அணை திறந்தாயிற்று. கடைமடைப் பக்கமான எங்களுக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் சில நாளாகும். ஆனால் போர்செட் வைத்திருப்பவர்கள் முன்பே நாற்று விட்டுவிட்டார்கள், அங்கங்கே நடவும் தொடங்கிவிட்டது. எங்கள் மகளிர் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்தாலே இது தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் வழக்கம்போல வருவார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் திடீரென்று காணாமல் போவார்கள். அறுப்பு முடிந்ததும், நாலு மாத வியாதியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மொத்தமாக வருவார்கள்.

இந்தக் குறுவை முடியும்வரை, பார்த்ததை இங்கே எழுதலாம் என்றிருக்கிறேன். ஆட்களின் பெயரும் ஊரும் வராது, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் எழுதுவேன். வியாதியும் வைத்தியமும் மட்டும் உள்ளபடி இருக்கும்.

ஜூன் 24

அவரை மலர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்து மூன்று. நடவு வயலில் மயங்கி வரப்பில் சாய்ந்துவிட்டார் என்று மாமியார் ஆட்டோவில் கூட்டி வந்தார். மலருக்கு ஒரே ஒரு குறைதான்: "மூச்சு வாங்குதுங்க, படி ஏற முடியல. ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க, மத்தியானம் நடவுக்குப் போகணும்."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. நாக்கு வழவழவென்று இருந்தது. விரல் நகங்கள் நடுவில் குழிந்திருந்தன. இது பல வருஷமாக நடப்பது என்று அந்த நகங்களே சொல்லிவிட்டன.

"தீட்டு எப்படிப் போகுது?"

"எல்லாருக்கும் போற மாதிரிதாங்க."

இந்தப் பதிலோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை துணி, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி விழுகிறதா, எவ்வளவு பெரிதாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பத்து நாள். கட்டி "கொட்டப்பாக்கு அளவுக்கு, சில சமயம் அதவிடப் பெருசா." துணிக்கு மட்டும் கணக்கு இல்லை. "வயல்ல நிக்கும்போது எங்கங்க மாத்துறது? காலைல பழம்புடவையை ரெண்டு மூணா மடிச்சு வச்சுக்கிட்டுப் போவேன். சோத்து நேரத்துல வாய்க்கால்ல இறங்கி அலசிட்டு, அதையே பிழிஞ்சு வச்சுக்குவேன். சேத்துத் தண்ணியில நிக்கிறதால யாருக்கும் தெரியாது."

பக்கத்தில் நின்ற மாமியார், "எனக்கும் அப்படித்தான் போச்சு, நான் என்ன ஆஸ்பத்திரிக்கா போனேன்?" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரையும் அப்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ, இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிய கட்டி விழுந்தாலோ அது அதிகப்படியான போக்குதான். மலருக்கு நாள் கணக்கும் கட்டியும் பொருந்துகின்றன. ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்கிறோம், கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு 8-க்குக் கீழே போனால் அது கடுமையானது. 5.8-ஐ வைத்துக்கொண்டு இந்த அம்மா குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அட்மிட் செய்தேன். "நடவு முடிஞ்சதும் வந்து படுத்துக்கிறேன்" என்று மாலைவரை மன்றாடினார். நான் விடவில்லை.

ஜூலை 2

மலருக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியாயிற்று. மீதிக்கு இரும்புச்சத்து ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், டிரிப்ஸில். போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை. தைராய்டு சரியாக இருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பை சற்றுப் பெருத்து, சுவர் தடித்திருக்கிறது. உள்சவ்வு தசைக்குள்ளேயே வளர்ந்துவிடும் அடினோமயோசிஸ். இது புற்றுநோய் வகை இல்லை. ஆனாலும் வயது நாற்பதைத் தாண்டியதால் உள்சவ்வில் சிறிது எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்று அவர் பையிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்துக் காட்டினார். போன வருஷம் வேறோர் இடத்தில் காட்டியபோது எழுதிக் கொடுத்தது. ரத்தப் பரிசோதனை இல்லை, மாத்திரை இல்லை. "கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், காப்பீட்டு அட்டை கொண்டு வரவும்" என்பதுதான் விஷயம். மாமியாருக்கும் அதே எண்ணம்தான்: "புள்ள ரெண்டு பெத்தாச்சு, ஆபரேஷனும் பண்ணியாச்சு. இனிமே அது எதுக்குங்க? எடுத்துப் போட்டுடுங்க."

இந்த வாக்கியத்தை நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். பெண்களே சொல்கிறார்கள், புருஷன்மார் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். எனக்கு இதில் சமாதானமே கிடையாது. கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். பெரிய கட்டி, மருந்துக்குக் கட்டுப்படாத போக்கு, கர்ப்பப்பை வெளியே இறங்கிவிடுதல் என்று அதற்குக் காரணங்கள் உண்டு, நானே செய்கிறேன். ஆனால் முப்பத்தைந்து வயதில், வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்பதற்காக எடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கூடவே சினைப்பையையும் எடுத்திருந்தால் இன்னும் மோசம். ஒரே நாளில் மாதவிடாய் நிற்கும் வயதுக்குத் தள்ளப்படுகிறார்கள். உடம்பு காந்துகிறது, தூக்கம் போகிறது, எலும்பு தேய்கிறது, இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. கூலி வேலைக்குப் போகிற உடம்புக்கு எலும்பு தேய்ந்தால் என்ன மிச்சம்?

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் விஷயம் எங்கள் கிராமத்துப் பெண்களின் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. யாராவது "எடுத்துடலாம்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன வியாதி, மருந்தில் முயன்று பார்த்தாயிற்றா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா? கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

ஜூலை 8

பயாப்சி நல்லபடி வந்துவிட்டது. மலரிடம் ஹார்மோன் காப்பர்-டி பற்றிப் பேசினேன். பார்க்க சாதாரண காப்பர்-டி மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் செம்பு கிடையாது. 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் இருக்கிறது. அது கர்ப்பப்பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்சவ்வை மெலிய வைக்கும், போக்கு குறையும். ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்யும். கத்தி இல்லை, தையல் இல்லை. அடுத்த வாரம் நாற்று முடிச்சைத் தூக்கலாம்.

முதல் மூன்று, ஆறு மாதம்வரை சொட்டுச் சொட்டாக நாள் தப்பிப் படும் என்பதை இரண்டு முறை சொல்லி, அவர் வாயாலும் திருப்பிச் சொல்ல வைத்தேன். இதைச் சொல்லாமல் வைத்து அனுப்பினால், பயந்துபோய் வேறெங்காவது எடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மாலையில் வைத்து அனுப்பினேன்.

ஜூலை 19

கிராமத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். காலையில் வைத்தால் ஒரு ஈ காக்கை வராது. கிராம சுகாதார செவிலியர் அக்காதான் சாயங்காலம் நாலு மணிக்கு வைக்கச் சொன்னார். வயலிலிருந்து ஏறி, கை கால் கழுவிக்கொண்டு நேராக வந்தார்கள்.

துணை சுகாதார நிலையத்தில் ஒரு மேசை, குறுக்கே புடவைத் தடுப்பு, ஒரு விளக்கு. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் ஆசிட்டை, சமையல் வினிகரில் இருப்பது இதுதான், பஞ்சில் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் காத்திருக்கிறோம். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் திட்டுப் போலத் தெரியும். வலி கிடையாது, கொஞ்சம் எரியலாம். முடிவு அங்கேயே, அப்போதே. வெள்ளைத் திட்டு தெரிந்தால் கால்போஸ்கோப்பி, அதாவது அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, பிறகு பயாப்சி. புற்றுநோயாக மாறும் முன்பே அந்த இடத்தை உறைய வைத்தோ சூட்டாலோ அழித்துவிடலாம். முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்துகொண்டால் போதும்.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு தடவை சோதித்ததிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தமிழக அரசு இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகும் முன் முதலில் சோதித்துப் பார்த்த இரண்டு மாவட்டங்களில் ஒன்று தேனி, இன்னொன்று நம்ம தஞ்சாவூர். அப்படியிருந்தும் இன்று வந்தவர்களில் பலருக்கு இதுதான் முதல் முறை. "பார்க்கப் போனாத்தான் வரும்" என்று ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்தார். செவிலியர் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கதை பேசி, கடைசியில் அவரையே உள்ளே கூட்டி வந்துவிட்டார்.

அந்தப் பாட்டிக்குக் கர்ப்பப்பை வாயில் ஒன்றுமில்லை. எழுந்து புடவையைச் சரி செய்து, தடுப்பைத் தாண்டும்போதுதான் திரும்பி, "அடி இறங்குதும்மா, பத்து வருஷமா. உக்காந்தா வெளிய வருது, கையால தள்ளிக்குவேன்" என்றார். பெரும்பாலும் முக்கியமான விஷயம் வாசற்படியில்தான் வரும். திரும்பப் படுக்க வைத்துப் பார்த்தேன். உள்ளே வைக்கிற வளையம் ஒன்று இருக்கிறது, ரிங் பெசரி. அளவு பார்த்து வைத்தால் ஆபரேஷன் இல்லாமலே தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி வைக்க வேண்டும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

தாய்மார்களோடு வந்திருந்த பள்ளிக்கூடப் பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி பற்றிச் சொன்னேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி. 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்தான் காரணம். ஊசி போட நல்ல வயது ஒன்பதிலிருந்து பதினான்கு.

ஜூலை 31

ஆடிப்பெருக்கு வருகிறது. தீமிதியும் வருகிறது. நாளைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு ஓ.பி. நிறைய பெண்கள். நோரெத்திஸ்டிரோன் கொடுக்கலாம், நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். கொடுக்கவும் செய்கிறேன், அது அவரவர் விருப்பம். மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடுவதுதான் எனக்குக் கவலை. காலில் ரத்தம் உறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே முழுகாமல் இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் போடக் கூடாது. காரணம் தெரியாத போக்கு இருந்தாலும் கூடாது.

ஆகஸ்ட் 14

அறுபத்தொரு வயது அம்மா. தீட்டு நின்று பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சித்திரையிலிருந்து அவ்வப்போது துளித்துளியாகப் படுகிறது. "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊற வைத்துக் குடித்திருக்கிறார். அப்புறம் நடவு வந்துவிட்டது, அப்புறம் களை பறிப்பு.

நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். பெரும்பாலானவர்களுக்கு உள்சவ்வு காய்ந்திருப்பது போன்ற சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் பத்தில் ஒருவருக்கு அருகே கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கும். யாருக்கு எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நாலு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய உள்சவ்வு இவருக்குப் பதினான்கு. பயாப்சி எடுத்தேன். மருமகள் கூடவே நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 22

பயாப்சியில் புற்றுநோய் என்றே வந்திருக்கிறது. ஆரம்ப நிலை போலத் தெரிகிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்து, அங்கே போனிலும் பேசிவிட்டேன். இவருக்குக் கர்ப்பப்பையை எடுப்பதுதான் வைத்தியம். தள்ளிப்போடக் கூடாது. "அறுப்பு..." என்று அவர் ஆரம்பித்ததும், மருமகள், "அறுப்பை நான் பாத்துக்குறேன் அத்தை, நீங்க கிளம்புங்க" என்றாள்.

இன்று ஒரு தலைப்பிரசவப் பெண் திருக்கருகாவூர்க் கோயில் விளக்கெண்ணெயை எடுத்து வந்து தயங்கித் தயங்கிக் காட்டினாள். வயிற்றில் மேலாகத் தடவுவதில் எந்தத் தொந்தரவும் இல்லை, தைரியமாகத் தடவிக்கொள் என்றேன். குடிக்க மட்டும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையையும் அதே நம்பிக்கையோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

செப்டம்பர் 9

மலர் வந்தார். ஹீமோகுளோபின் 10.4. படி ஏறித்தான் வந்தேன் என்று முதலில் அதைச் சொன்னார். சொட்டுச் சொட்டாகப் படுவது தொல்லையாக இருக்கிறது, ஆனால் "துணி மடிக்கிற வேலை போச்சுங்க." இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். டீ அந்தச் சத்தைச் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது, எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து பயந்து நிறுத்துகிறவர்கள் அதிகம், அது மாத்திரையின் நிறம்தான். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் உடம்பில் இருப்பு சேரும்.

மாமியாருக்கு அடுத்த முகாமில் பரிசோதனை. அவரே பெயர் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 30

தஞ்சாவூரிலிருந்து அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எடுத்ததைச் சோதித்ததில் நோய் கர்ப்பப்பைக்குள்ளேயே, மேலாகத்தான் இருந்திருக்கிறது. கதிர்வீச்சு தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தையல் ஆறியிருக்கிறது. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றதும் மருமகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

அடுத்த பரிசோதனை டிசம்பர் கடைசியில். தாளடிக்குக் களை எடுக்கிற நேரம் அது. தேதியைச் சீட்டில் எழுதி, மருமகளின் போனிலும் போடச் சொல்லி, செவிலியர் அக்காவின் நோட்டிலும் குறித்து வைத்திருக்கிறேன்.