ஐந்தாவது டிஸ்க்: ஹட்டனில் ஒரு வீட்டு மீடியா சேர்வரை விரித்த விதம்

மாசியில் எங்கள் இலங்கை மலைநாட்டுக் காமன் கூத்து தொடங்குமுன், வீடியோக்களைச் சேர்த்துவைக்கும் வீட்டுச் சேர்வரில் இடம் வேண்டும் என்பதுதான் கெடு. விடிய விடிய ஆடும் கூத்தை 50 மெகாபிட் வேகத்தில் 8 மணிநேரம் பதிந்தால் ஒரு கேமராவுக்கு 180 ஜீபி, இரண்டு கேமராவுக்கு 360 ஜீபி. இருந்ததோ 4 டீபி (4000 ஜீபி) டிஸ்க் நான்கு, அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி வைக்கும் ரெய்ட் 5 முறை, லினக்ஸ் வகையான டெபியன் 12. இழந்ததைத் திரும்பக் கணக்கிட உதவும் பாரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு இடம் போகும். பெட்டியில் அச்சிட்ட கணக்குப்படி பயன்படும் இடம் 12 டீபி, 1000-க்குப் பதில் 1024-ஆல் எண்ணி லினக்ஸ் காட்டும் கணக்கில் 10.9. அதில் 600 ஜீபிதான் மிச்சம். ஐந்தாவது டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால் 16 டீபி, லினக்ஸ் கணக்கில் 14.5.

கட்டளை அடிக்க ஐந்து நிமிடம் போதும், முன்வேலைக்கு ஒரு வாரம் போனது. அந்த ஒரு வாரத்தைத் தயவுசெய்து சுருக்காதீர்கள். ரெய்ட் விரியும்போது பழைய டிஸ்க்குகளின் ஒவ்வொரு செக்டரும் (தரவு எழுதும் சிறு துண்டு) படிக்கப்பட்டு இடம் மாற்றி எழுதப்படுகிறது. மூன்று வருடமாக யாரும் திறக்காத கல்யாண வீடியோவுக்கு அடியில் கெட்டுக் கிடக்கும் செக்டர் அப்போதுதான் வெளியே வரும். நான்கு டிஸ்க்கும் சரியாக இருந்தால் பாரிட்டி அதைச் சரிக்கட்டிவிடும். நடுவழியில் ஒரு டிஸ்க் விழுந்து, இன்னொன்றில் கெட்ட செக்டரும் இருந்தால் ரெய்ட் 5-ஆல் காப்பாற்ற முடியாது.

அதனால் முதலில் எல்லா டிஸ்க்கிலும், டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் ஸ்மார்ட் நீள் சோதனை ஓடவிட்டோம். 4 டீபிக்கு எட்டு, ஒன்பது மணிநேரம் பிடித்தது. அதன் அறிக்கையில் பார்க்க வேண்டியவை 5, 197, 198, 199 என்று எண்ணிட்ட நான்கு வரிகள். 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர், 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பது, 198 என்பது திருத்த முடியாதது. 199 என்பது தரவு கடத்தும்போது வரும் பிழை. அது ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் காரணம் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள். மூன்றாவது டிஸ்க்கில் 197-க்கு நேரே 8 என்று வந்தது. எட்டு இடம் கெட்டது என்று அதற்குப் பொருளல்ல: தட்டில் உள்ள ஒரு 4096 பைட் செக்டரை வெளியே எட்டு 512 பைட் செக்டராகக் காட்டுவதால் வரும் எட்டு. பிறகு ரெய்ட்டைக் கட்டுப்படுத்தும் சிங்க்-ஆக்‌ஷன் கோப்பில் ‘செக்’ என்று எழுதி ரெய்ட் முழுவதையும் சரிபார்க்க விட்டோம். படிக்க முடியாத இடத்தை மற்ற மூன்று டிஸ்க்கிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதியது. முடிவில் 197 பூச்சியம், 5 ஏறவில்லை. அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டே தொடரலாம். சோதனைக்குச் சோதனை 5 ஏறிக்கொண்டே போனால் விரிப்பதைத் தள்ளிவைத்து முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள்.

திரும்ப எடுக்க முடியாதவை, அதாவது கூத்துப் பதிவுகள், குடும்பப் படங்கள், பழைய கசெட்டிலிருந்து மாற்றியவை, இரண்டு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து ஒன்று வேறு வீட்டுக்குப் போனது. சினிமாப் படங்களுக்கு அது தேவையில்லை.

டிஸ்க் வாங்கியது கொழும்பில். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடத்தில் விலை கேட்கும்போதே மாடல் எண்ணை எழுதி வாங்கி, அது தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையா (வேண்டியது இதுதான்) எஸ்எம்ஆர் வகையா என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு தடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் எழுத வேண்டும். ஒரு நாள் முழுக்க இடைவிடாமல் எழுதினால் அதன் தற்காலிக இடம் நிரம்பி, பதில் வர நிமிடக்கணக்கில் ஆகலாம். பதில் வராத டிஸ்க்கை ரெய்ட் செத்துவிட்டதாக எடுத்துத் தள்ளிவிடும். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த நிறுவனத்தின் 4 டீபி டிஸ்க்கும் இப்போது பொதுவாக 7,814,037,168 செக்டர்தான்.

மலைநாட்டில் ஈரமும் ஒரு காரியம். கொழும்பின் ஈரக் காற்றைப் பைக்குள் அடைத்து ஹட்டன் குளிருக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் படியும். அதனால் கடையில் சோதிக்கிறோம் என்று உறையைப் பிரிக்க விடவில்லை. தொழிற்சாலை ஒட்டிய உறையோடு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மேலே வந்தது. ரயிலிலோ பஸ்ஸிலோ தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்காமல் மடியில் வையுங்கள். வந்ததும் ஒரு இரவு அறையில் உறையோடு கிடந்து, காலையில் பிரிக்கப்பட்டது. மற்றபடி இந்தக் குளிர் டிஸ்க்குக்கு நல்லது. விரியும்போதுகூட 38 பாகைக்கு மேல் ஏறவில்லை. பனிமூட்டம் உள்ளே வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் சேர்வர் வேண்டாம்.

புது டிஸ்க்கை நம்பாதீர்கள். ஒரு தடவை முழுக்க எழுதி, ஒரு தடவை முழுக்கப் படித்து, சுமார் 16 மணிநேரம் பேட்பிளாக்ஸ் என்ற சோதனை நிரல் ஓடிய பிறகே அது ரெய்ட்டுக்குள் போனது. கூடவே எல்லா டிஸ்க்கிலும் பிழை மீட்பு நேரத்தை, அதாவது கெட்ட இடத்தைப் படிக்க டிஸ்க் முயலும் நேரத்தை, 7 விநாடி என்று வைத்தோம். அதை அமைக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் அது 70, பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் சிலவற்றில் இந்த வசதி இல்லை. லினக்ஸ் 30 விநாடிதான் காத்திருக்கும் என்பதால், அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு அந்தக் காத்திருப்பை 180 விநாடியாக ஏற்ற வேண்டும். இந்த அமைப்புகள் ரீபூட் செய்தால் போய்விடும், தொடக்க ஸ்கிரிப்ட்டில் எழுதி வையுங்கள்.

மதர்போர்டில் நான்கு சாட்டா போர்ட்தான். ஐந்தாவதற்குக் கூடுதல் போர்ட் தரும் ஒரு பிசிஐஇ கார்ட் போட்டோம். ஒரே போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர் கார்ட் வேண்டாம், ஒரு டிஸ்க் தடுமாறினால் கூட இருப்பதையும் இழுத்துப் போகும். பவர் பிரிப்பு வயரில் பிளாஸ்டிக் வார்த்து மூடிய வகை உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வயரை ஒவ்வொன்றாகக் கவ்விப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் முன்பக்கத்திலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை டேப்பில் எழுதி ஒட்டியது பிறகு பெரிய உதவி.

கரண்ட்தான் இங்கே உண்மையான கவலை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மின்னல் வராத நாள் குறைவு. ஹட்டன் பக்கம் தை, மாசி வறண்ட காலம், வேலைக்கு அதுவே நேரம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி, தையில் வாடைக்காற்று மழை இருப்பதால் அங்கே மாசிக்குத் தள்ளுவது மேல். யூபிஎஸ் 650 விஏ, வோல்டேஜைத் தானே சீர்படுத்தும் வகை. அந்த வசதி இல்லாத யூபிஎஸ் மாலையில் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் பெட்டரிக்குத் தாவித் தாவி, கரண்ட் நிஜமாகப் போகும் நேரம் பெட்டரியைக் காலியாக வைத்திருக்கும். சேர்வர் இழுத்தது 68 வாட். 12 வோல்ட் 7 அம்பியர்-அவர் பெட்டரி அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கியது. யூஎஸ்பி வயரைச் சேர்வரில் செருகி, பெட்டரி குறைந்ததும் ஒழுங்காக அணைக்க ‘நட்’ மென்பொருளை அமைத்தோம். செம்புத் தொலைபேசி லைன் உள்ள வீடு என்றால், இடி இடிக்கும்போது ரவுட்டருக்குப் போகும் அந்த லைனையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பிறகுதான் கட்டளை. லினக்ஸில் ரெய்ட்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம்மில் ‘ஆட்’ சொன்னதும் புது டிஸ்க் உபரியாகச் சேர்ந்தது. அடுத்து ‘குரோ’, டிஸ்க் எண்ணிக்கை 5, பேக்கப் கோப்பை வைத்தது இயங்குதளம் இருக்கும் எஸ்எஸ்டியில். அந்தக் கோப்பை விரிகிற ரெய்ட்டின் உள்ளேயே வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது. தொடக்கத்தில் வேகம் விநாடிக்கு 12 எம்பிதான். குறைந்தபட்ச வேக எல்லையை (விநாடிக்குக் கேபி கணக்கில்) 1000-லிருந்து 50000-ஆகவும், ரெய்ட் வேலைக்கு ராமில் ஒதுக்கும் ஸ்டிரைப் கேஷை 256-லிருந்து 8192-ஆகவும் ஏற்றியபின் 40-ஐத் தாண்டியது. அந்தக் கேஷ் ஐந்து டிஸ்க்குக்கு 160 எம்பி ராம் எடுக்கும். மொத்தம் 27 மணிநேரம். இடையில் வீடியோ ஓட்டும் மென்பொருளான ஜெலிஃபினில் படம் பார்க்கலாம், ஆனால் நாங்கள் நிறுத்தி வைத்தோம்.

இரண்டாம் நாள் மாலை, 71 சதவீதத்தில், கரண்ட் போய் இருபது நிமிடம் வரவில்லை. சேர்வர் தானாக அணைந்தது. கரண்ட் வந்து எழுப்பியபோது ரெய்ட்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டேட்டில் ரெய்ட் ‘ஆட்டோ-ரீட்-ஒன்லி’, அதாவது படிக்க மட்டும் முடியும் நிலையில் நின்றது. இது பயமுறுத்தும் காட்சி, ஆனால் கேடு இல்லை. ‘ரீட்-ரைட்’ கட்டளை கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. இந்த இடத்தில் பதறி, ரெய்ட்டைப் புதிதாக உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளையைத் தொட்டவர்கள்தான் எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.

ரெய்ட் விரிந்தாலும் அதன்மேல் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமை தானாக விரியாது. அதை விரிக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டியபின்தான் 14.5 தெரிந்தது. சில நிமிட வேலை, கோப்பு முறைமையைக் கழற்றத் (அன்மவுன்ட்) தேவையில்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு தடவைக்கு எழுதும் துண்டு (சங்க்) 512 கேபி. தரவு டிஸ்க் மூன்றிலிருந்து நான்கானதால் கோப்பு முறைமையின் ஸ்டிரைப் விட்த் என்ற அமைப்பு 384-லிருந்து 512-ஆக மாற வேண்டும், டியூன்2எஃப்எஸ் கட்டளையில் மாற்றினோம். ரெய்ட் விவரம் உள்ள எம்டிஏடிஎம் கான்ஃப் கோப்பில் பழைய டிஸ்க் எண்ணிக்கை 4 என்று இருந்தால் திருத்தி, லினக்ஸ் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள். இதைத் தவறவிட்டால் ரெய்ட் எம்டி127 என்ற வேறு பெயரில் எழும்பலாம், மீடியாக் கோப்புறை வெறுமையாகத் தெரியலாம்.

ஆறாவது டிஸ்க் வந்தால் ரெய்ட் 5-இல் சேர்க்க மாட்டோம், ரெய்ட் 6-ஆக மாற்றுவோம். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், இடமும் 14.5-லேயே நிற்கும். ஏழாவதில் 18 தாண்டும். 2016-க்கு முன் உருவாக்கிய எக்ஸ்ட்4 கோப்பு முறைமை என்றால் 64பிட் அம்சம் இருக்கிறதா என்று அப்போது பாருங்கள், இல்லாவிட்டால் லினக்ஸ் கணக்கில் 16 டீபியில் முட்டும். ரெய்ட்டும் கோப்பு முறைமையும் ஒன்றாக உள்ள இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-லிருந்து ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்கும் வழி இருக்கிறது. ஆனால் ஒரு டிஸ்க் போனால் தாங்கும் ரெய்ட்-இசட்1, இரண்டு போனாலும் தாங்கும் இசட்2-ஆக மாறாது, பழைய கோப்புகள் பழைய பாரிட்டி விகிதத்திலேயே இருக்கும். சினிமாப் படம் மட்டும் வைப்பவருக்கு இந்தச் சிரமமே வேண்டாம், நாம் சொல்லும்போது மட்டும் பாரிட்டி கணக்கிடும் ஸ்னாப்ரெய்ட் போதும். அதில் பாரிட்டி டிஸ்க் மற்ற எந்த டிஸ்க்கைவிடவும் சிறியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டெபியன் 12, மாதத்தின் முதல் ஞாயிறு பிறந்ததும் நள்ளிரவு 12.57-க்கு ரெய்ட் சரிபார்ப்பைத் தானே தொடங்கும். ஐந்து டிஸ்க்கிலும் அது முடியக் காலை பத்து மணியாகிறது. பிற்பகல் இடிக்கு முன் முடிந்துவிடுவதால் அந்த நேரத்தை அப்படியே விட்டிருக்கிறோம்.