தீவாந்தரக் கப்பலைத் தரையில் வரைவது

ஆஸ்திரேலியாவில் நாலாம் வகுப்பிலேயே முதல் கப்பலணிப் பாடம் வந்துவிடும். பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றி 1788-ல் சிட்னிக்கு வந்த கப்பல்கள்தான் அது. தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் குழப்பம். தீவாந்தரம், அதாவது கடல் கடத்தி அனுப்பும் தண்டனை, என்றதும் வீட்டுப் பெரியவர்கள் அந்தமானைச் சொல்வார்கள். பிள்ளை சிட்னிக்கு வந்தவர்களையும் விடுதலைப் போராளிகள் என்று எழுதி வைக்கும். ஆனால் சிட்னிக்கு வந்த கைதிகளில் பெரும்பாலோர் திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவர்கள். அமெரிக்கா கைவிட்டுப் போன பிறகு, அனுப்ப இடமில்லாமல் தேம்ஸ் ஆற்றில் நின்ற பழைய கப்பல்களில் கைதிகளை அடைத்தது பிரிட்டிஷ் அரசு.

முதல் கப்பலணியில் வந்த ஜான் ஹட்சனில் தொடங்குவது நல்லது. புகைபோக்கி துடைக்கும் பையன். 1783-ல் துணியும் ஒரு கைத்துப்பாக்கியும் திருடியதாக வழக்கு. அப்போது வயது 9, தண்டனை 7 ஆண்டு தீவாந்தரம். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தன் வயதுக்காரன் என்று தெரிந்ததும் வகுப்பில் சத்தம் அடங்கும்.

பயணப் பாதைக்கு உலக உருண்டையும் நூலும் போதும். 1787 மே 13-ல் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பி டெனெரீஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் வழியாக வந்தன. தட்டையான வரைபடம் கொடுத்தால் பாதிப் பேர் சூயஸ் வழியாகக் கோடு இழுப்பார்கள். அந்தக் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். கிழக்கே போக வேண்டியவர்கள் எதற்கு மேற்கே பிரேசிலுக்குப் போனார்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பாய்மரக் கப்பலுக்குக் காற்றுதான் பாதை. அட்லாண்டிக்கின் வணிகக் காற்றும் நீரோட்டமும் அந்தப் பக்கமே தள்ளும். கேப் டவுனுக்குத் தெற்கே இறங்கினால் வலுவான மேலைக்காற்று கிழக்கே கொண்டுபோகும்.

அடுத்தது படுக்கை. கைதிக் கப்பல்களில் வழக்கமான அளவு, 6 அடிக்கு 6 அடிப் பலகையில் நாலு பேர். தரையில் 183 செ.மீ. சதுரம் ஒட்டி நாலு பிள்ளைகளைப் படுக்கச் சொன்னால் ‘தாராளமா இருக்கே’ என்பார்கள். தப்பு அளவில்தான். ஒன்பது வயதுப் பிள்ளை பெரியவரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குட்டை. சதுரத்தை 145 செ.மீ. ஆக்குங்கள். ஆளுக்கு 36 செ.மீ. கிடைக்கும், தோள் இடிக்கும். விளக்கை அணைத்து இரண்டு நிமிடம் போதும். படுக்க விரும்பாத பிள்ளை நேரம் பார்க்கட்டும். சங்கிலி, சாட்டை நாடகமெல்லாம் வேண்டாம், அது விளையாட்டாகிவிடும். 1790-ல் வந்த இரண்டாம் கப்பலணியில் கைதிகளில் நாலில் ஒரு பங்கினர் வழியிலேயே இறந்ததற்கான காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒப்பந்தக்காரருக்குப் பணம் ஏற்றிய தலைக்கு, உயிரோடு இறக்கிய தலைக்கு இல்லை.

பாடத்தின் உயிர் தராசில் இருக்கிறது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் பாறை மோதி உடைந்ததும் சிட்னி குடியேற்றத்தில் ரேஷன் வெட்டப்பட்டது. வளர்ந்த ஆளுக்கு வாரத்துக்கு இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு அரிசி, 2 பவுண்டு உப்புக்கண்டப் பன்றி இறைச்சி. மாவு 1,130 கிராம், அரிசி 900 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்குப் பதில் 900 கிராம் களிமண் உருண்டை. பன்றி தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் சங்கடமில்லை. மொத்தமாக மேசையில் வைத்தால் நிறையத் தெரியும், ஏமாற்றும். ஏழு கிண்ணம் வைத்துப் பங்கிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மாவு 160 கிராம், அரிசி 130 கிராம். அந்த இறைச்சி பீப்பாயில் மூன்று நாலு வருடம் கிடந்தது, அரிசியில் வண்டு நெளிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆளுநர் ஆர்தர் பிலிப் வீட்டு விருந்துக்கே அவரவர் ரொட்டியை எடுத்துப் போக வேண்டியிருந்தது. பிறகு 1792-ல் கல்கத்தாவிலிருந்து ‘அட்லாண்டிக்’ கப்பலில் அரிசி, ரவை, பருப்பு வந்து இறங்கியது. நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான்!

தேதியில் ஒரு எச்சரிக்கை. கப்பல்கள் பாட்டனி விரிகுடாவை அடைந்தது 1788 ஜனவரி 18 முதல் 20-க்குள். நல்ல தண்ணீர் போதாது, காற்றுக்கு மறைவில்லை என்று இடம் மாறி சிட்னி கோவ் சேர்ந்ததுதான் 26. சிட்னியில் கைதிகள் தங்கிய ஹைட் பார்க் பேரக்ஸ் கட்டடத்தைக் காட்டி முதல் கைதிகள் இங்கே இருந்தார்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள். அது 1819-ல் திறந்தது. முதலில் இருந்தவை கூடாரங்களும் மழைக்குக் கரைந்த மண்சுவர்க் குடிசைகளும். கட்டடத்துக்கான சுண்ணாம்புக்கு, சுண்ணாம்புக்கல் கிடைக்காமல் கிளிஞ்சலைச் சுட்டார்கள்.

அந்தக் கரை காடிகல் என்ற பழங்குடி மக்களுடையது. இதைக் கடைசி வகுப்புக்குத் தள்ளினால் பிள்ளைகள் ஆளில்லாத கடற்கரையைத்தான் வரைவார்கள். அதனால் கப்பல் படம் வரையும் அன்றே, அதே தாளில் அவர்களின் மரப்பட்டைப் படகும் வரவேண்டும். 1789 ஏப்ரலில் பெரியம்மை பரவியதையும், குடியேறியவர்களால் கடத்திவரப்பட்ட அரபானு என்ற பழங்குடி மனிதர் மே மாதம் அதில் இறந்ததையும் மறைக்க வேண்டாம். இந்த வயதுக்கு அது தாங்கும். பழங்குடியினராக வேடம் போட வைக்காதீர்கள். விடைத்தாளில் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று வந்தால் அடித்து, ‘வந்து இறங்கினார்கள்’ என்று மேலே எழுதிக் கொடுங்கள்.