மலையகத்தில் ஒரு பழைய லெவினுக்கு வலு சேர்ப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்குக் குறைந்த செலவில் எஞ்சின் வலுவைக் கூட்ட நினைப்பவர்களில் பெரும்பாலானோர் எந்தப் பாகத்தை வாங்கலாம் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். மலையகத்தில் கார் ஓட்டுகிற எங்களுக்கு அதற்கு முன்னால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பது 1988 ஆம் ஆண்டின் டொயோட்டா லெவின், ஏஈ92. அதன் 1,587 சிசி 4ஏ-ஜிஈ எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் சொன்ன 120 குதிரைவலு கடல்மட்டத்துக் காற்றுக்கு உரியது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த உயரத்தில் காற்று ஐதாகிவிடுவதால் சிலிண்டருக்குள் போகிற ஒட்சிசன் குறைகிறது, அதற்கேற்ப எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைகிறது. எங்கள் ஊர்க் குளிர் கொஞ்சம் ஈடுசெய்தாலும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத எஞ்சின் ஹட்டனில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவும், நுவரெலியாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கும் வலுவை இழக்கிறது. ஒரு குறையும் இல்லாத 120 குதிரைவலு எஞ்சின் கூட நுவரெலியா வாவிக்கரையில் 100 குதிரைவலு எஞ்சினாகத்தான் ஓடும். கடையில் 10 குதிரைவலு தருமென்று விற்கிற பாகமும், அது சொன்னபடியே வேலை செய்தாலும், அங்கே எட்டுத்தான் தரும்.

ஆகவே உள்ளதை முழுமையாக மீட்டெடுப்பதுதான் மிக மலிவான வலு என்பது என் உறுதியான கருத்து. முப்பத்தைந்து வருடங்களைத் தாண்டிய எஞ்சினில் உயரம் எடுத்துக்கொண்டது எவ்வளவு, தேய்மானம் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்தறியாமல் புதுப் பாகம் வாங்குவது வீண் செலவு. இதற்கு முதல் வேலை கம்ப்ரஷன் பரிசோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் உண்டாக்குகிற அமுக்கத்தை அளப்பது. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எக்சலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளக்க வேண்டும். இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் 180 பிஎஸ்ஐ காட்டுகிற நல்ல எஞ்சின், வளியமுக்கம் குறைந்த ஹட்டனில் 155 அளவில்தான் காட்டும். கையேட்டில் உள்ள எண்ணோடு அதை அப்படியே ஒப்பிட்டுவிட்டு, ‘பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அவசரப்படத் தேவையில்லை. நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவைக் காட்டுகின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளக்கலாம். அளவு ஏறினால் ரிங் பக்கமும், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கட் பக்கமும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வால்வு இடைவெளி. இந்த எஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் உள்ளிழு வால்வில் 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர் வரையும் வெளியேற்று வால்வில் 0.20 முதல் 0.30 வரையும் இருக்க வேண்டும். ஷிம் எனப்படும் சிறு தகடுகளை மாற்றிச் சரிசெய்கிற பொறுமையான வேலை என்பதால் பல கராஜ்களில் இதைத் தொடுவதே இல்லை. டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தாலும் கார் ஓடும், ஆனால் ஏற்றத்தில் உயிர் இருக்காது.

டி-விஸ் என்கிற காற்று உள்ளிழுப்பு அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைப்பாதையில் அதன் பங்கு பெரியது. இந்தத் தலைமுறை எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்றுக் குழாய்கள் உள்ளன. நிமிடத்துக்கு 4,000-க்குச் சற்று மேலான சுழற்சி வரும்வரை அவற்றில் ஒன்றைச் சிறு தட்டு ஒன்று மூடி வைத்திருக்கிறது. அதனால் காற்று மற்றக் குழாய் வழியே வேகமாகப் பாய்ந்து, குறைந்த சுழற்சியிலும் இழுவை கிடைக்கிறது. அந்தத் தட்டுகளை மூடுவது வெற்றிட அமுக்கம், அதைக் கொண்டுபோவது பென்சில் தடிப்புக்கூட இல்லாத ஒரு ரப்பர்க் குழாய். கொட்டகலையில் என் காரைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் அந்தக் குழாயின் நுனியை விரலால் வளைத்துக் காட்டியபோது, வெளியில் கறுப்பாக முழுமையாகத் தெரிந்த ரப்பரில் முடி இழைபோல வெடிப்புகள் விரிந்தன. “தம்பி, இதை மாற்றாமல் வேறு எதையும் வாங்காதீங்க” என்றார். வெற்றிடம் கசிந்தால் தட்டுகள் எப்போதும் திறந்தே இருக்கும். கார் நேர்ப்பாதையில் நன்றாகவே ஓடும், லபுக்கலை வளைவுகளில் இரண்டாம் கியரில் 3,000 சுழற்சியில் திரும்பி எழும்போது மட்டும் சோர்ந்து நிற்கும். அந்தக் குழாயை மாற்ற ஆன செலவுக்குக் கிடைத்த பலனை வேறெந்தப் பாகமும் எனக்குத் தந்ததில்லை.

இக்னிஷன் டைமிங்கிலும், அதாவது பிளக் பொறி விடுகிற நேரத்திலும், மலிவாகக் கிடைக்கக்கூடிய வலு உண்டு, ஆனால் அதில் எச்சரிக்கை தேவை. பரிசோதனைக் கனெக்டரின் முனைகளைச் சிறு வயரால் இணைத்த பிறகு ஐடிலில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 பாகை முன் என்பதுதான் தயாரிப்பாளரின் அளவு. உயரத்தில் சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவாக இருப்பதால் நொக்கிங் (பெற்றோல் கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) எளிதில் வராது. இரண்டு மூன்று பாகை முன்தள்ளினால் தலவாக்கலை ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும். அதே அமைப்போடு கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இறங்கினால், காற்று அடர்ந்து வெப்பமும் கூடிய இடத்தில் அதே எஞ்சின் 92 ஒக்டேன் பெற்றோலில் தட்டத் தொடங்கும். நொக்கிங் சத்தம் கேட்கும் முன்னரே பிஸ்டன் பாதிக்கப்படலாம். ஆகவே டைமிங்கைத் தள்ளியவர்கள் கீழே இறங்கும்போது 95 ஒக்டேன் நிரப்புவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும், அல்லது தயாரிப்பாளரின் அளவிலேயே விட்டுவிட வேண்டும். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

எல்லோரும் முதலில் வாங்குவது கூம்பு வடிவ எயார் ஃபில்டர். அது எஞ்சின் அறைக்குள் திறந்தபடி இருந்தால் ரேடியேட்டரின் சூட்டைத்தான் உறிஞ்சும். உள்ளே போகிற காற்று 10 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் அடர்த்தி 3 வீதம் குறைகிறது. ஏற்கெனவே ஐதான காற்றை மேலும் ஐதாக்குகிற பொருளுக்குக் காசு கொடுப்பதைவிட, பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டு, பம்பருக்குப் பின்னாலிருந்து குளிர் காற்றுக் குழாய் ஒன்றை இழுப்பது நல்லது. எங்கள் ஊரின் காலைக் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. சைலன்சர் பக்கம் பணம் போடுவதானால் வாய் அகன்ற பின்பகுதிக்கு அல்ல, நல்ல வெல்டரிடம் செய்வித்த, நான்கு குழாய்கள் இரண்டாகிப் பிறகு ஒன்றாகச் சேரும் 4-2-1 மெனிபோல்டுக்குப் போட வேண்டும். நடுத்தரச் சுழற்சியில் இழுவையைக் கூட்டுவது அதுதான். வால்வுகளை அதிகம் திறந்து வைக்கிற கூரான கேம்ஷாஃப்ட் நம் பாதைகளுக்கு ஏற்றதல்ல. அது 6,000 சுழற்சிக்கு மேல் தருவதைக் கீழிருந்து எடுத்துக்கொள்கிறது. சித்திரையில் மகாகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் நடக்கும் மலையேற்றப் பந்தயங்களில் ஓடும் கார்களுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அவை சில நிமிடங்கள் மட்டுமே உச்சத்தில் ஓடுகின்றன, பால் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடவும் போவதில்லை.

வலுவைக் கூட்டாமலே ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டுகிற வழி டிஃபரென்ஷியல் பல் விகிதம், அதாவது கியர் பொக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள கடைசிப் பல்சக்கர விகிதம். விகிதம் 4.0 இலிருந்து 4.3 ஆனால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 7.5 வீதம் கூடுகிறது. கம்பளையிலிருந்து நுவரெலியா வரை உள்ள பாதையில் ஐந்தாம் கியர் தேவைப்படுகிற இடம் அரிது, அதனால் அதிவேகத்தில் இழப்பது நம்மைப் பாதிக்காது. நெடுஞ்சாலையில் சற்று அதிகம் இரையும், பெற்றோலும் சற்றுக் கூடப் போகும், அவ்வளவுதான். அதேபோல ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள காரில் 50 கிலோவைக் குறைத்தால் வலு ஐந்து வீதம் கூடியதற்கு ஈடான முடுக்கம் கிடைக்கும். பின்புறம் பொருத்திய பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டியும் பாரமான அலோய் சக்கரங்களும் இறங்கினாலே அதில் கணிசமான பங்கு வந்துவிடும்.

டர்போவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது, உயரத்துக்கு மிகப் பொருத்தமான தீர்வு அதுதான் என்பது. 0.6 பார் பூஸ்ட் தருகிற டர்போ நுவரெலியாவில் சிலிண்டருக்குத் தருகிற அமுக்கம் கடல்மட்டத்தோடு ஒப்பிட 12 வீதம் குறைகிறது, சாதாரண எஞ்சினிலோ 19 வீதம் குறைகிறது. ஆனால் அது தனியே வருவதில்லை. இன்ஜெக்டர், பெற்றோல் பம்ப், கணினி, இன்டர்கூலர், கிளச் என்று ஒவ்வொன்றாக இழுத்து வரும். பழைய கியர் பொக்ஸ் அதைத் தாங்குமா என்பதும் இருக்கிறது. குறைந்த செலவு என்ற எல்லைக்குள் அதை நான் வைக்க மாட்டேன். ஏறுகிற வேகம் கூடும்போது இறங்குகிற வேகமும் கூடும் என்பதால், எந்த வழியைத் தேர்ந்தாலும் பிரேக் எண்ணெயும் பேடும் புதிதாக இருக்க வேண்டும். இறம்பொடை இறக்கத்தில் ஈரம் ஏறிய பழைய எண்ணெய் கொதித்தால் பிரேக் மிதி கால் தரையைத் தொடும்வரை போகும்.

கம்ப்ரஷன் உண்மையிலேயே தாழ்ந்திருந்தால், பழைய எஞ்சினுக்குப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு ஹெட் வேலையும் செய்வதைவிட, அதே குடும்பத்தின் 20 வால்வு எஞ்சினை மாற்றுவதே பணத்துக்குப் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். ஏஈ101 லெவினில் வந்த வெள்ளி மூடி எஞ்சின் 160 குதிரைவலு தந்தது, ஏஈ111-இல் வந்த கறுப்பு மூடி 165. நுவரெலியா உயரத்தில் 160 என்பது 133 அளவாகும், அதாவது என் காரின் எஞ்சின் புதிதாகக் கடல்மட்டத்தில் தந்ததைவிட அதிகம். இவையும் குறுக்காகப் பொருத்தப்பட்டு முன்சக்கரங்களை இழுத்தவை என்பதால், பின்சக்கர இழுவையுள்ள ஏஈ86-இல் இதே மாற்றத்தைச் செய்பவர்கள் படுகிற சிரமம் ஏஈ92-க்கு இல்லை.

கொழும்பின் பழைய வாகனப் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கும்போது எஞ்சினை மட்டும் வாங்கக் கூடாது. அதற்குரிய கணினி, வெட்டப்படாத வயரிங், நான்கு த்ரொட்டில்களும் காற்றுப் பெட்டியும் சேர்ந்து வர வேண்டும். பிறகு தனித்தனியாகத் தேடினால் செலவு இரட்டிப்பாகும். எண்ணெய் மூடியைக் கழற்றி உள்ளே கரிப்படலம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், பிளக் துளை வழியே சிலிண்டர்ச் சுவரில் கீறல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கடை வாசலிலேயே கம்ப்ரஷன் அளக்கச் சொல்ல வேண்டும். கொழும்பில் அளப்பதால் அங்கே கையேட்டு எண்ணையே எதிர்பார்க்கலாம். எஞ்சின் இலக்கம் தெளிவாகப் படிக்கக்கூடியதாகவும், சுரண்டப்படாததாகவும், பற்றுச்சீட்டில் எழுதியதோடு ஒத்ததாகவும் இருக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தின் எஞ்சின் இலக்கத்தை மாற்றுவதற்கு அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடந்தோறும் புகைப் பரிசோதனையிலும் தேற வேண்டியிருப்பதால், கட்டலிட்டிக் கொன்வேட்டரையும் ஒட்சிசன் சென்சரையும் கழற்றி எறியாமல் அதே கையோடு பொருத்திவிடுவது நல்லது.