சும்மா இருந்த பதினைந்து நிமிடங்கள்

மவுஸைத் தொட வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதை மறுக்கவில்லை, இன்று மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் சொல்வேன். தொலைவிலிருந்து ஒரு கணினியைக் கையாளும்போது இரு முனைகளிலும் இருப்பவர்கள் ஒரே சுட்டியை இழுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த வேலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் ஒரு பொத்தானை நோக்கி நகரும்போது அவர்கள் பக்கம் தற்செயலாகக் கை பட்டு, கிளிக் வேறிடத்தில் விழுந்து, அழியக்கூடாதது அழிந்துபோன கதை எல்லா உதவி மையங்களிலும் உண்டு. ஆகவே கணக்குத் தரவுத்தளத்தைச் சீர்செய்யும் பணியை ஓடவிட்டதும், "இது முடியும்வரை எதையும் தொடாமல் இருங்கள் மேடம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவரும் தொடவில்லை. நானும் தொடவில்லை, ஏனென்றால் தொடுவதற்கு எதுவும் இல்லை. பச்சைப் பட்டை நகர்வதை அவ்வப்போது பார்த்தபடி, பக்கத்துத் திரையில் அந்தக் கணக்கு மென்பொருளின் கையேட்டில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நிமிடம் ஆனதும் ரிமோட் சப்போர்ட் மென்பொருள் என்னைச் செயலற்றவனாகக் கருதி அமர்வை முடித்தது. அத்துடன் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அமர்வு முடிந்தால் எதிர்முனைக் கணினியில் உள்ள பயனரையும் லாக் ஆஃப் செய்துவிடு என்று அமைப்புகளில் யாரோ தேர்வு செய்து வைத்திருந்தார்கள். அதன்படி அவருடைய திரையில் திறந்திருந்த எல்லாமே மூடப்பட்டன. சேமிக்கட்டுமா என்ற கேள்விகூட எழவில்லை. கட்டாய லாக் ஆஃபில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சீர்செய்யும் பணி சர்வரில் பின்னணிச் சேவையாக ஓடியதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக முடிந்தது. போனது, ஆண்டிறுதி வேறுபாடுகளுக்கு அவர் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருந்த விளக்கங்கள். அவை ஒரு சாதாரண எழுத்துச் சாளரத்தில், சேமிக்கப்படாமல், கீழே ஒடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கணக்கு மென்பொருளை மூடிவிட்டாரா என்று நான் கேட்டிருந்தேன், மூடியிருந்தார். வேறு எது திறந்திருக்கிறது என்று கேட்கும்படி எங்கள் வழிமுறை ஏட்டில் இல்லை.

மறுபடி இணைந்ததும் அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள்தானே சார் தொட வேண்டாம் என்றீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அது மென்பொருளின் ஏற்பாடு, நீண்ட நேரம் அசைவில்லாவிட்டால் தானே வெளியேற்றிவிடும், அது எங்கள் கையில் இல்லை என்றேன். "அப்படியானால் யார் கையில் இருக்கிறது?" என்றார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புகாராகக் கேட்டிருந்தால் பழகிய மன்னிப்பு வாக்கியம் ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிறகு எங்கள் நிர்வாகியிடம் போனேன். அவர் பாதுகாப்புப் பிரிவைக் காட்டினார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினார். பணம் செலுத்தும் அட்டைகளின் தரவைக் காக்கும் பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலையைத்தான் எங்கள் விதி பின்பற்றுகிறது. அதில் அமர்வு பதினைந்து நிமிடங்களுக்கு மேல் செயலற்று இருந்தால், பயனர் தம்மை மீண்டும் உறுதிப்படுத்தித்தான் அதை உயிர்ப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் அந்த வரியை அவர் மேசையிலேயே திரும்பத் திரும்பப் படித்தேன். மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. திறந்திருப்பதையெல்லாம் மூடு என்று எங்கும் இல்லை. திரையைப் பூட்டிவைத்து, கடவுச்சொல் கேட்டு, உள்ளே ஓடுவதை ஓடவிட்டாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். வாசலைப் பூட்டச் சொன்னால் வீட்டையே காலி செய்வது போன்ற வேலையை நாங்கள்தான் செய்துகொண்டிருந்தோம்.

அமெரிக்காவின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பாவின் பாதுகாப்பு விதி, செயலற்ற அமர்வை முடித்துவைக்க வேண்டும் என்றே சொல்கிறது என்பதையும் அதிகாரி சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் எத்தனை நிமிடம் என்று அந்த விதி சொல்லவில்லை. அதை அந்தந்த நிறுவனத்தின் தீர்மானத்துக்கே விட்டிருக்கிறது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. செயலற்ற நேரத்தின் வரம்பு எட்டினால் வழக்கமாக இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படும், உள்ளே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். அமர்வையே முடித்துவிட வேண்டுமானால் அதற்கெனத் தனியாக ஒரு கொள்கை அமைப்பை (பாலிசி) இயக்க வேண்டும். துண்டிப்பது, பூட்டுவது, வெளியேற்றுவது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு செயல்கள் என்பது எங்கள் துறையில் பாலபாடம். அந்த மூன்றையும் எங்கள் அமைப்பில் ஒரே டிக் குறிக்குள் அடக்கியவர் யார் என்று விசாரித்தபோது, நிறுவிய காலத்தில் இருந்த ஒருவர் என்றும், அவர் இப்போது இங்கே இல்லை என்றும் தெரிந்தது. அவ்வளவுதான் பதில்.

இதைப் படிப்பவர்கள் நான் லாக் ஆஃபுக்கே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் சம்பளப் பட்டியல் திறந்திருந்த கணினியுடன் இணைந்தபடியே இருக்கையைவிட்டு எழுந்துபோய், அந்த வழியாகப் போன எல்லோரும் அதைப் பார்க்கும்படி ஆனது எனக்கு நினைவிருக்கிறது. அன்று வரம்பு ஐந்து நிமிடமாக இருந்திருந்தால்கூட நான் வரவேற்றிருப்பேன். தொலைநிலை உதவி என்பது இன்னொருவரின் மேசையில் அமர்வதற்கு அவர் தந்த அனுமதி. அந்த அனுமதி தானே காலாவதியாவதில் தவறு காண என்னால் முடியாது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. செயலற்ற நேரம் என்று அந்த மென்பொருள் எதை அளக்கிறது? என் கன்சோலின், அதாவது எதிர்முனைக் கணினியை நான் இயக்கும் திரையின், சாளரத்துக்குள் விசையோ சுட்டியோ கடைசியாக அசைந்த கணத்தை. பக்கத்துத் திரையில் அதே சிக்கலுக்கான கையேட்டைப் புரட்டினால் அது கணக்கில் வராது. பயனர் தொலைபேசியில் தம் சிக்கலை விவரிக்க, குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் வராது. ஒரு நீண்ட பணியை, கைவைத்துக் கெடுத்துவிடாமல், முடியும்வரை காத்திருந்து பார்ப்பது எங்கள் வேலையின் பெரும்பகுதி. அனுபவம் ஏற ஏறக் கை அசைவது குறைகிறது என்றுகூடச் சொல்வேன். புதிதாக வருபவர்கள் எதையாவது கிளிக் செய்துகொண்டே இருப்பார்கள். அவர்களை மென்பொருள் ஒருபோதும் வெளியேற்றுவதில்லை.

எச்சரிக்கை வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்தது. கன்சோலில், ஒலியில்லாமல், ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனதாகப் பதிவேடு சொல்கிறது. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல், கால வரம்பு முடியுமுன் எச்சரித்து, ஓர் எளிய செயலால் அதை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடிகள் தர வேண்டும் என்கிறது. அந்த அளவுகோலில் எங்கள் எச்சரிக்கை தாராளமாகத் தேறிவிடும். ஆனால் அது என் திரையில்தான் தோன்றியது. இழக்கப்போகிறவரின் திரையில் ஒரு வரிகூட வரவில்லை. வந்திருந்தால் அவர் மவுஸை அசைத்திருப்பாரா, அல்லது நான் சொன்னதை மதித்துக் கையை எடுத்தே வைத்திருப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். கையை எடுத்தே வைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

வரம்பு பதினைந்து நிமிடமாகவே இருக்கட்டும், முடிவில் லாக் ஆஃபுக்குப் பதிலாகத் திரைப் பூட்டு இருக்கட்டும் என்று ஒரு பரிந்துரை எழுதிக் கொடுத்தேன். அதற்கு வந்த மறுப்பு நான் எதிர்பாராதது, நியாயமானதும்கூட. பல இடங்களில் ஒரே கணினியை இரண்டு மூன்று பேர் மாறிமாறிப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் பெயரில் பூட்டிக் கிடக்கும் கணினியில் அவருடைய நிரல்கள் பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும், திறந்துவைத்த கோப்பை அடுத்தவர் திருத்த முடியாது, அவர் பொறுமையிழந்து மின்விசையை அணைத்தால் அதுவும் இழப்புதான். கணினிகளை வகை பிரித்து வெவ்வேறு அமைப்பு தரலாமே என்று பதில் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது.

இதற்கிடையில் குழுவினர் தங்களுக்கான வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முள் ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் ஒளியுணர் மவுஸை வைத்தால் விநாடி முள்ளின் நகர்வைக் கையசைவாக எடுத்துக்கொள்ளும் என்ற பழைய உத்தியை ஒருவர் பயன்படுத்துகிறார். பார்த்தேன். சொல்லவில்லை. பயனரின் வேலையைக் காப்பாற்றுவதற்காகச் செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் எழுந்துபோனாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சம்பளப் பட்டியல் திறந்துதான் கிடக்கும். இருமாதிரியும் வாதிடும் எனக்கு அவரைத் தடுக்க என்ன தகுதி என்று தோன்றியதா, அல்லது வெறும் சோம்பலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வழிமுறை ஏட்டில் மட்டும் ஒரு மாற்றம் செய்ய முடிந்தது. இணைவதற்கு முன், "திறந்திருக்கும் அனைத்தையும் சேமித்து மூடிவிடுங்கள், இடையில் உங்கள் கணினி முன்னறிவிப்பின்றி உங்களை வெளியேற்றக்கூடும்" என்று பயனரிடம் சொல்ல வேண்டும் என எழுதிச் சேர்த்தேன். நேர்மையான வாக்கியம் என்று நினைத்தேன். அதைக் கேட்டதும் சிலர் மூடுகிறார்கள். சிலர், "அப்படியானால் இப்போது வேண்டாம், வேலை முடிந்த பிறகு அழைக்கிறேன்" என்று துண்டித்துவிடுகிறார்கள். அவர்களில் பலர் மறுபடி அழைப்பதே இல்லை, கோளாறும் அப்படியே நிற்கிறது. அந்த அம்மையாரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவரும் தள்ளிப்போட்டிருப்பார். ஆண்டிறுதிக் கணக்கு பழுதான தரவுத்தளத்தோடு இன்னும் சில நாள் ஓடியிருக்கும், இழப்பு ஒருவேளை இன்னும் பெரிதாக இருந்திருக்கும். இந்தக் கணக்கை எனக்குச் சாதகமாகப் போட்டுப் பார்க்கிறேன் என்பதும் தெரிகிறது.

அவருடைய டிக்கெட், அதாவது உதவிக் கோரிக்கையின் பதிவு, 'தீர்க்கப்பட்டது' என்றே பதிவாகியிருக்கிறது. தரவுத்தளம் சரியாகிவிட்டது அல்லவா. இப்போது அந்த எச்சரிக்கை வாக்கியத்தால் அழைப்புகள் பாதியில் முறிகின்றன, அதை எடுத்துவிடலாமா என்று மேலாளர் எழுத்தில் கேட்டிருக்கிறார். முன்னறிவிப்பின்றி என்ற சொல்லை மட்டும் நீக்கலாம் என்று ஒருமுறை வரைவு எழுதினேன், பிறகு அழித்தேன். வாக்கியம் இருக்கட்டும், அமைப்பை மாற்றுங்கள் என்று எழுதினால் பழைய பரிந்துரையையே திரும்ப அனுப்புவதாகும். பதில் இன்னும் அனுப்பவில்லை.